மொரீசியஸில் ஐந்து இரவு: முத்தியால்பேட்டைக் குடும்பம் ஒன்றின் பயணத் திட்டம் – ஒரு நிகழ்வு ஆய்வு

அப்பா கொத்தனார். முத்தியால்பேட்டையில் பிறந்து, பதினாறு வயதில் கரண்டி பிடித்து, கடைசி இருபது வருடம் புதுச்சேரியின் பழைய வீடுகளைச் சீரமைக்கும் வேலையிலேயே இருந்தவர். சுவரில் உள்ளங்கையை வைத்து ஒரு தேய் தேய்த்தால் போதும், சிமெண்டா சுண்ணாம்பா, சுண்ணாம்பு என்றால் கிளிஞ்சல் சுட்டதா கல் சுட்டதா என்று சொல்லிவிடுவார். வயது எழுபத்திரண்டு. பாஸ்போர்ட் எடுத்து ஆறு வருடம் ஆகியும் அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை.

2024 தீபாவளியன்று அண்ணன்தான் பேச்சை எடுத்தான். அப்பா அம்மாவை ஒரு தடவையாவது வெளிநாட்டுக்கு அழைத்துப் போகணும். சிங்கப்பூர் என்றாள் அண்ணி. துபாய் என்றான் அண்ணன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மொரீசு போலாமா? நம்ம ஊர்க் கொத்தனாருங்க கப்பலேறிப் போய்க் கட்டின ஊராமே" என்றார். வேலை செய்த இடத்தில் ஒரு கட்டடக் கலைஞர் எப்போதோ சொன்னது. பதினைந்து வருடமாக அதை மனதில் வைத்திருந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாது.

திட்டம் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் கடலூரில் வாழ்க்கைப்பட்டவள், கணக்கு வேலை பார்க்கிறேன், எதையும் தாளில் எழுதிப் பார்க்கிற பழக்கம் உண்டு. அந்தத் தாள்கள் இன்னும் இருக்கின்றன. எப்படி முடிவெடுத்தோம், எது சரியாக வந்தது, எது பிசகியது என்பதை அவற்றைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். வயதானவர்களை அழைத்துக்கொண்டு கொஞ்ச நாளில் ஒரு தீவைப் பார்த்து வர நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

அப்பா கேட்டது உண்மைதானா?

முதலில் இதைத்தான் தேடிப் பார்த்தேன். உண்மைதான்.

மொரீசியஸ் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. இல் த பிரான்ஸ் என்று பெயர். 1735-இல் மாஹே த லா பூர்தொனே ஆளுநராக வந்தார். போர் லூயியை ஒரு துறைமுக நகரமாக எழுப்ப அவருக்குக் கைவேலை தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். கொத்தனார், தச்சர், கொல்லர் என்று புதுச்சேரியிலிருந்து தமிழர்கள் ஒப்பந்தத்தில் அழைத்துச் செல்லப்பட்டார்கள். போர் லூயியில் அவர்கள் குடியிருந்த பகுதிக்கு 'மலபார் முகாம்' என்றே பெயர். பிரெஞ்சுக்காரர்கள் அன்று தமிழர்களை அப்படித்தான் அழைத்தார்கள். 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்காக வட இந்தியாவிலிருந்து பெரிய அளவில் ஆட்கள் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே நம்முடையவர்கள் அங்கே சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கப்பலேறிய எல்லோரும் கூலி பேசிக்கொண்டு போனவர்கள் அல்லர். இதே கடற்கரையிலிருந்து அடிமைகளாக விற்கப்பட்டுப் போனவர்களும் உண்டு. அதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பெருமை மட்டும்தான் மிஞ்சும், வரலாறு மிஞ்சாது.

லா பூர்தொனே நமக்கு அந்நியர் இல்லை. 1746-இல் மொரீசியஸில் தயார்செய்த கப்பல்களோடு வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தவர் அவர். பிடித்த கோட்டையைப் பணம் வாங்கிக்கொண்டு ஆங்கிலேயரிடமே திருப்பித் தருவதா, கூடாதா என்பதில் அவருக்கும் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்கும் பெரிய சண்டை. கடைசியில் பிரான்சுக்குத் திரும்பி பஸ்தீய் சிறையில் கிடந்தார். துய்ப்ளே சிலை நம் கடற்கரையில் நிற்கிறது. லா பூர்தொனே சிலை போர் லூயி துறைமுகத்தைப் பார்த்து நிற்கிறது. சண்டை போட்ட இருவரும் ஆளுக்கொரு கடற்கரையில் நிற்கிறார்கள் என்று சொன்னபோது அப்பா முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததுமே இந்த ஊர்தான் என்று முடிவாகிவிட்டது.

கையில் இருந்தவை

ஆறு பேர்: அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, பதினொரு வயது அண்ணன் மகள், நான். என் வீட்டுக்காரருக்கு விடுப்பு இல்லை. ஐந்து இரவுக்கு மேல் யாராலும் தங்க முடியாது. அப்பாவுக்கு வலது முழங்கால் வலி, படி ஏறுவார், ஆனால் நிதானமாகத்தான். அம்மா சைவம், கிருத்திகை விரதம் விடமாட்டார். மார்ச்சில் குழந்தைக்குப் பரீட்சை.

விசா பெரிய தலைவலி இல்லை. இந்தியர்களுக்கு மொரீசியஸில் இறங்கிய இடத்திலேயே கட்டணம் இல்லாமல் அனுமதி கொடுக்கிறார்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிடச் சான்று, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம், இவை கையில் இருக்கவேண்டும். இணையத்தில் ஒரு பயணப் படிவத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும். நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். பிளக் இங்கிலாந்துக்காரர்களுடைய பட்டை மூன்று முனை, நம் ஊர் பிளக் அதில் போகாது. மற்றபடி வண்டி நம்மைப்போல இடப்பக்கம்தான் ஓடுகிறது.

முதல் திட்டம்

புதுச்சேரியில் ஒரு பயண முகவரிடம் போனோம். ஐந்து நிமிடத்தில் அச்சடித்த தாள் வந்தது. வடக்குச் சுற்று ஒரு நாள், தெற்குச் சுற்று ஒரு நாள், மான் தீவு ஒரு நாள், கட்டமரான் படகில் ஒரு நாள். கடற்கரை விடுதி, காலை உணவு சேர்த்து. போர் லூயி வடக்குச் சுற்றுக்குள் அடங்கிவிட்டது: ஒன்றரை மணி நேரம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்தியது. அப்பா பார்க்கவேண்டிய ஊருக்கு ஒன்றரை மணி நேரம். அதுவும் கடைகளும் அலுவலகங்களும் மூடி நகரமே காலியாகக் கிடக்கும் ஞாயிறன்று. மற்ற நாட்களெல்லாம் கடல். நாங்கள் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். கடலைப் பார்க்க ஆறு மணி நேரம் பறக்கவேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. முகவரைக் குறை சொல்லவில்லை. தேனிலவுக்குப் போகிறவர்களுக்கு அது நல்ல தாள்தான். எங்களுக்கு அது பொருந்தவில்லை. முன்பணத்தைத் திருப்பித் தரும்போது சேவைக் கட்டணம் என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். அவசரப்பட்டது நான்தான்.

வீட்டுக்கு வந்து எல்லோரையும் ஆளுக்கு ஒரே ஒரு விருப்பம் சொல்லச் சொன்னேன். அப்பாவுக்குப் பழைய கட்டடம். அம்மாவுக்கு ஒரு முருகன் கோயில். குழந்தைக்கு டோடோ பறவை. அண்ணனுக்கும் அண்ணிக்கும் சேர்த்து ஒரு மலை. எனக்கு அங்கே இருக்கும் நம்மவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், என்ன சமைக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். ஐந்தே விருப்பம். ஐந்தையும் தாளில் எழுதியபோது அந்த அச்சடித்த திட்டத்தில் இருந்த ஒன்றுகூட இதில் முழுசாக இல்லை என்பது தெரிந்தது.

தேதி

அம்மாவின் விருப்பம்தான் தேதியைத் தீர்மானித்தது. மொரீசியஸில் தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க அரசு விடுமுறை. 2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. பரீட்சைக்கும் முன்னால். சரி, எட்டாம் தேதி சனிக்கிழமை போய் இறங்கி, பதின்மூன்றாம் தேதி வியாழன் கிளம்பினால் ஐந்து இரவு கணக்காக வருகிறது.

சிக்கல் ஒன்று இருந்தது, சின்னச் சிக்கல் இல்லை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே புயல் காலம். 2024 ஜனவரியில் பெலால் புயலில் போர் லூயி தெருக்களில் கார்கள் மிதந்த படங்களைப் பார்த்திருந்தேன். இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் ஊரில் ஃபெஞ்சல் வந்தது. நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. முத்தியால்பேட்டை வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். அடுத்த சில நாளில் இங்கே கடலூரில் தென்பெண்ணை பொங்கி வந்தது. அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்த அம்மா, "ஒரு புயல்ல இருந்து தப்பிச்சு இன்னொரு புயலுக்கா போகணும்?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் டிக்கெட் போட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வாரம் படித்தேன். அங்கே புயல் எச்சரிக்கை நான்கு படிகளாக வருகிறது. முதல் எச்சரிக்கை, பலத்த காற்று வருவதற்கு ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் முன்பாக. நான்காவது, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவாகிவிட்டால். மூன்றாவதிலிருந்தே யாரும் வெளியில் நடமாடக் கூடாது. தானே புயலையும் ஃபெஞ்சலையும் பார்த்த குடும்பத்துக்கு இதெல்லாம் புரியாத விஷயம் இல்லை. ஆபத்து இருக்கிறது, ஆனால் அது சொல்லாமல் வருகிற ஆபத்து இல்லை என்று முடிவுக்கு வந்தோம். அதற்கேற்றபடி மூன்று காரியம் செய்தோம். தேதி மாற்ற முடிகிற டிக்கெட்டாக, கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்கினோம். புயலால் வரும் ரத்தையும் ஈடுகட்டும் பயணக் காப்பீடு எடுத்தோம். கடலோரத்தில் தங்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

எங்களுக்குப் புயல் வரவில்லை. நாங்கள் திரும்பி இரண்டு வாரத்தில் காரன்ஸ் புயல் மொரீசியஸை நெருங்கி, பிப்ரவரி 28 அன்று பக்கத்துத் தீவான ரீயூனியனைத் தாக்கியது. முடிவு சரியாக இருந்ததா, அதிர்ஷ்டம் கைகொடுத்ததா என்று கேட்டால் இரண்டும்தான். கோயில் திருவிழா வேண்டாம் என்பவர்கள் மே முதல் அக்டோபருக்குள் போவது நல்லது. அங்கே அது குளிர்காலம், வெயிலும் தணிவு.

தங்குமிடம்

இது ஒன்றுதான் மொத்தப் பயணத்தையும் மாற்றிய முடிவு.

தீவு நீளவாக்கில் 65 கிலோமீட்டர், குறுக்கே 45. புதுச்சேரியிலிருந்து சிதம்பரம் போகிற தூரம்தான் மொத்த நீளமும். எங்கே தங்கினாலும் எங்கேயும் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வடக்கே கிராண்ட் பேயில் தங்கினால் தினமும் காலையும் மாலையும் வண்டியிலேயே போகும். நடுவில், மேட்டில் இருக்கிற காத்ர் போர்ன் ஊரில் ஒரு சமையலறையோடு கூடிய வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். விடுதியில் மூன்று அறைக்கு ஆகும் வாடகையில் பாதிகூட இல்லை. போர் லூயிக்கு அங்கிருந்து மெட்ரோ ரயில் ஓடுகிறது, அரை மணிப் பயணம். ஊரை ஒட்டியே கோர் த கார்த் மலை, அதன் சரிவில் முருகன் கோயில்.

அண்ணிக்கு முதலில் வருத்தம். மொரீசியஸ் போய்க் கடல் தெரியாத வீட்டில் தங்குவதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் கடற்கரைக்கு என்று ஒதுக்கினேன். போர் லூயி மூடிக்கிடக்கும் நாளில் அதுதான் சரியும்கூட.

நடந்தது

வெள்ளிக்கிழமை மதியம் ஈ.சி.ஆர். வழியாகச் சென்னை, அங்கிருந்து மும்பை, மும்பையிலிருந்து மொரீசியஸ். கடைசிப் பறப்பு மட்டும் ஆறு மணி நேரம். அப்பாவுக்கு நடைபாதை ஓர இருக்கை. இரண்டு மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கவைத்தோம். அம்மா கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் கட்டி வைத்திருந்தார். பச்சையாக எந்தச் செடி கொடியும் அங்கே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லி வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டோம். மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டைக் கையிலேயே வைத்திருந்தோம்; அந்த ஊரில் மருந்து விஷயத்தில் கெடுபிடி அதிகம்.

விமான நிலையத்தில் பணம் மாற்றியபோது நடந்ததை எழுதியே ஆகவேண்டும். அந்த ஊர்ப் பணத்துக்கும் ரூபாய் என்றுதான் பெயர். அண்ணன் மகள் மொரீசியஸ் நூறு ரூபாய் நோட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தவள், "ஆயா, இதுல தமிழ் இருக்கு!" என்று கத்திவிட்டாள். அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆங்கிலம், அதற்கு அடுத்து தமிழ், அதற்கும் அடுத்துத்தான் இந்தி. அந்த நோட்டில் இருக்கிற படமும் ஒரு தமிழர் படம்தான், ரெங்கநாதன் சீனிவாசன் என்ற வழக்கறிஞர், அரசியல் தலைவர்.

இந்த வரிசைக்கு ஒரு கதை இருக்கிறது. 1998 நவம்பரில் புது நோட்டு அச்சடித்தபோது இந்தியைத் தமிழுக்கு முன்னால் போட்டுவிட்டார்கள். தீவுக்கு முதலில் வந்தவர்கள் நாங்கள், எங்கள் எழுத்தைப் பின்னால் தள்ளுவதா என்று அங்கிருக்கும் தமிழர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999-இல் பழைய வரிசைப்படி மறுபடி அச்சடித்தார்கள். அந்த மக்களில் பெரும்பாலோர் இன்று வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து உருவான மொழி. பேச்சு போனாலும் எழுத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஞாயிறு, ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரை. அதிகம் எழுத ஒன்றுமில்லை. அந்த ஊர்க் குடும்பங்களும் ஞாயிறன்று பாத்திரம் பண்டத்தோடு கடற்கரைக்கு வந்து மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மரம் என்ன மரம் என்றால் சவுக்கு! நம் தேவனாம்பட்டினம் பக்கம் போல வரிசையாகச் சவுக்கு. அம்மா அந்த நிழலில் ஒரு தூக்கம் போட்டார்.

திங்கட்கிழமை அப்பாவுடைய நாள். ஒன்பது மணிக்கெல்லாம் மெட்ரோவில் போர் லூயி. முதலில் ஆப்ரவாசி காட். 1834 முதல் 1920 வரை கிட்டத்தட்ட ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய இடம். 2006-இல் யுனெஸ்கோ உலக மரபுச்சின்னமாக அறிவித்தது. உள்ளே போகக் கட்டணம் இல்லை, ஞாயிறு விடுமுறை. அந்த முதல் திட்டப்படி போயிருந்தால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்போம். மொத்த இடமும் 1,640 சதுர மீட்டர்தான், நம் கணக்கில் ஏழு கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். சில கல் படிகள். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதலில் கால் வைத்த படிகள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போனார். யாரும் சொல்லவில்லை.

அதை ஒட்டி 1740 வாக்கில், லா பூர்தொனே காலத்தில் எழுந்த பழைய இராணுவ மருத்துவமனை இருக்கிறது. அப்பா அதற்கு முன்னால் நின்றுவிட்டார். சுவர் முழுக்கக் கறுப்புக் கல், எரிமலைக் கல். நம் ஊரில் செங்கல்லும் சுண்ணாம்பும். வெள்ளைப் பூச்சுக்குள் செங்கல் ஒளிந்திருக்கும். இங்கே கல்லை மறைக்கவில்லை. அப்பா மூலைக்கல்லைக் கையால் தடவிக்கொண்டே போய், ஓர் இடத்தில் நின்று, இரண்டு கல்லுக்கு நடுவே இருந்த சாந்தை விரல் நகத்தால் மெல்லத் தொட்டார். கீறவில்லை, தொட்டார். விரலைப் பார்த்தார். "கிளிஞ்சல் இல்ல. பவளப்பாறை சுட்ட சுண்ணாம்பு" என்றார். அந்தத் தீவைச் சுற்றிப் பவளப்பாறை வளையம் இருக்கிறது, அங்கே சுண்ணாம்புக்கு அதைத்தான் சுட்டார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்குப் படிக்கத் தேவைப்படவில்லை.

அப்புறம் பேத்தியைக் கூப்பிட்டு மூலைக்கல் எப்படி மாறி மாறி உட்கார்ந்திருக்கிறது, ஒரு வரிசையில் நீளப்பக்கம், அடுத்த வரிசையில் குறுக்குப்பக்கம் என்று காட்டினார். "இதுவரைக்கும் செங்கல்லே கட்டினவன் கையில இந்தக் கல்லைக் குடுத்தா முதல்ல ரொம்பத் திண்டாடியிருப்பான் பாவம். உளி ஏறாது. பழகிட்டிருக்கான் பாரு" என்றார். முன்னூறு வருடத்துக்கு முந்திய ஆளைப் பக்கத்துத் தெரு ஆளைப்போலப் பேசினார். அந்தச் சுவருக்கு முன்னால் நாங்கள் முக்கால் மணி நேரம் நின்றோம். எந்தச் சுற்றுலா வண்டியும் அங்கே முக்கால் மணி நிற்காது.

மதியம் மத்தியச் சந்தை. இது எனக்காக. காய்கறிக்காரம்மாவிடம் அம்மா கொத்தமல்லியைக் காட்டி விரலால் கேட்டார். அந்தம்மா "கோத்தோமிலி" என்றார். அம்மா திகைத்துப்போய் முருங்கைக்கீரையைக் காட்டினார். "ப்ரேத் மூரூம்." ப்ரேத் என்றால் அவர்கள் மொழியில் கீரை. பீர்க்கங்காய் "பிப்பெங்காய்". கறிவேப்பிலை "கரிபுலே". அம்மாவுக்கு விளையாட்டாகிவிட்டது, கடை முழுக்க ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார், அந்தம்மாவும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே வந்தார். ரசத்துக்கு அங்கே "ரசோன்". வீட்டில் விட்டுவந்த கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் கடல் தாண்டிக் கிடைத்துவிட்டன. அன்று ராத்திரி காத்ர் போர்ன் வீட்டில் அம்மா முருங்கைக்கீரைப் பொரியலும் ரசமும் வைத்தார். சமையலறையோடு வீடு பிடித்ததற்கு அது ஒன்றே போதும்.

டோடோவுக்கு அதே நாளில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், ஒரு மணி நேரம். குழந்தைக்குத் திருப்தி.

செவ்வாய், தைப்பூசம். பத்து நாள் சைவ விரதம் இருந்துவிட்டுக் காவடி எடுக்கிறார்கள். விடியற்காலையிலேயே தெருவில் ஊதாவும் ரோஜாவும் கலந்த ஒரு நிறம். ஆண், பெண், குழந்தை எல்லோர் உடுப்பும் அந்த நிறம்தான். நமக்குப் பழநி என்றால் காவியும் பச்சையும் கண்ணில் நிற்கும், அங்கே இந்த நிறம். பூவும் எலுமிச்சம்பழமும் தென்னங்குருத்தும் கட்டிய காவடிகள். நாக்கில், கன்னத்தில் அலகு. பித்தளைச் செம்பில் பால். கோயில் போய்ச் சேரும்வரை திரியக்கூடாது என்பது நம்பிக்கை. தார் ரோடு கொதிக்க ஆரம்பித்ததும் வீட்டு வாசலில் நின்றவர்கள் குடம் குடமாகத் தண்ணீரை ரோட்டில் ஊற்றினார்கள். ஒருவர் ஆணி அடித்த செருப்பில் நடந்துபோனார்.

எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் கையில் ஒரு சின்னப் புத்தகம். முருகன் பாட்டு, தமிழ்ப்பாட்டுதான், ஆனால் ரோமன் எழுத்தில் அச்சடித்தது. ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது என்று பிறகு என்னிடம் பிரெஞ்சு கலந்த ஆங்கிலத்தில் சொன்னார். ஆனால் ராகம் துளி பிசகவில்லை. கோயிலில் வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பாடு, எங்களையும் உட்காரவைத்தார்கள். புதுச்சேரி என்று சொன்னதும் பரிமாறியவர் "போந்திஷேரி!" என்று இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். அம்மா அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை. ராத்திரி படுக்கும்போது மட்டும், "நம்ம ஊர் முருகன்தான்" என்றார்.

பிசகியவை

மூன்று தவறு. மூன்றும் என் கணக்கில்.

தைப்பூசத்தன்று கோயில் பக்கத்து ரோடுகளை அடைத்துவிடுவார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. காலை எட்டு மணிக்குச் சொல்லிவைத்த டாக்சி வீட்டுக்கு வரவே முடியவில்லை. முழங்கால் வலியோடு அப்பா அவ்வளவு தூரமும் நடந்தார். வழியெல்லாம் மக்கள் உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், அதனால் சமாளித்தோம். கோயிலுக்கு நடந்தே போகிற தூரத்தில் வீடு பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் விடிவதற்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும்.

இரண்டாவது, புதன்கிழமை. அண்ணனுக்காக ல மோர்ன் மலை, 556 மீட்டர். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்திருந்த மலை, 2008 முதல் அதுவும் உலக மரபுச்சின்னம். விடுதலை அறிவிக்க வந்த படைவீரர்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து உச்சியிலிருந்து குதித்துவிட்டார்கள் என்று வாய்வழிக் கதை சொல்கிறார்கள். அதே நாளில் திரும்பும் வழியில் ஷமரேல் ஏழு வண்ண மண்ணையும் பார்த்துவிடலாம் என்று எழுதியிருந்தேன். முடியவில்லை. பிப்ரவரி வெயிலில் அண்ணனும் அண்ணியும் ஏறி இறங்கவே நாலு மணி நேரம் ஆனது. கீழே அடிமை வணிக நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில் நாங்கள் காத்திருந்தோம். மலையைத் தாளிலிருந்து அடித்துவிட்டு ஷமரேலை மட்டும் வைத்திருந்தால் ஆறு பேரும் சேர்ந்து பார்த்திருக்கலாம். ஆனால் அண்ணன் அந்த மலையை விட்டிருக்கமாட்டான், அவனுடைய ஒரே விருப்பம் அது. ஷமரேலை அடித்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு இன்னும் வருத்தம். கிளம்புகிற வியாழக்கிழமை காலை மாஹெபூர் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். லா பூர்தொனே பெயரில் அமைந்த ஊர், விமான நிலையத்துக்குப் பக்கம். ஆனால் வீட்டைக் காலி செய்து சாவி கொடுத்து ஆறு பேர் பெட்டியை வண்டியில் ஏற்றுவதற்குள் நேரம் போய்விட்டது. புறப்படும் நாளில் எதையும் வைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வைத்தேன். அப்பா ஜன்னல் வழியாக ஊர்ப் பலகையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

செலவில் பாதிக்கும் மேல் விமான டிக்கெட்டுக்குப் போயிற்று. வீட்டு வாடகை, சமையல், மெட்ரோ என்று அங்கே ஆன செலவு நாங்கள் பயந்ததைவிடக் குறைவு. இரண்டு நாள் டாக்சிதான் அங்கே பெரிய செலவு.

மிச்சப் பணத்தை மாற்றும்போது அப்பா ஒரு நூறு ரூபாய் நோட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். இப்போது அது முத்தியால்பேட்டை வீட்டில், அவருடைய பழைய கரண்டியும் மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் இருக்கிற மரப்பெட்டிக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுகிறார். பேத்தி வந்தால் அதை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டச் சொல்கிறார்.